மேடையில் நாக்கு குழறினால் என்ன செய்வது?

குடியாத்தத்தில் அண்ணன் கல்யாண வரவேற்பில் பேச வேண்டும், நாக்கு குழறுமோ, ஊர்ப் பேச்சு வந்துவிடுமோ என்று பயம் எனக் கேட்டிருக்கிறீர்கள். ஊர்ப் பேச்சு தாராளமாக வரட்டும்! வேலூரை அடுத்த காங்கேயநல்லூரில் 1906இல் பிறந்த ஆன்மிகச் சொற்பொழிவாளர் கிருபானந்த வாரியார் சுவாமிகள், எளிய தமிழில் கதை சொல்லி, முன்னால் உட்கார்ந்த சிறுவர்களிடம் கேள்வி கேட்டே கூட்டத்தைக் கட்டிப்போட்டவர்.

படபடப்பும் உங்களுக்குத் தெரிகிற அளவுக்குக் கூட்டத்துக்குத் தெரியாது. 2003இல் வெளிவந்த, உளவியலாளர்கள் சாவிட்ஸ்கி, கிலோவிச் செய்த ஆய்வில், இந்த உண்மையை முன்கூட்டியே தெரிந்துகொண்டு பேசியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகவே பேசினார்கள்.

வரி வரியாக மனப்பாடம் மட்டும் வேண்டாம். ஒரு சொல் மறந்தால் அடுத்ததும் போய்விடும். முதல் வரியும் அண்ணனைப் பற்றிய ஒரு சம்பவமும் போதும். நடுவில் மறந்தால், "எங்க விட்டேன்?" என்று முன்வரிசையையே கேளுங்கள். சொந்தக்காரர்கள் எடுத்துக் கொடுப்பார்கள்.