சித்தப்பா சொன்ன காலேஜ் எங்கே?

கேள்வி: நாமக்கல் மாவட்டத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டே ஸ்காலர். காலை 7.10-க்கு காலேஜ் பஸ் ஏறினால் வீடு திரும்ப 6 மணி தாண்டிவிடும். என் சித்தப்பா திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்சி. படித்தவர். ‘காலேஜ் லைஃப் மாதிரி வராது’ என்று இன்றும் கதை கதையாகச் சொல்வார். எனக்கு அப்படி எதுவுமே நடக்கவில்லை. போன் கொண்டு வரக்கூடாது, பையன்களோடு பேசினால் எச்.ஓ.டி. கூப்பிட்டு விசாரிப்பார். வகுப்பில் எல்லோருக்கும் ஒரு கேங் இருக்கிறது. எனக்குப் பக்கத்தில் உட்கார ஒருத்தி இருக்கிறாள், அவ்வளவுதான். மார்க் நன்றாகவே வருகிறது. தப்பு என் மேலா? ஹாஸ்டலுக்கோ வேறு கல்லூரிக்கோ மாறலாமா? நான்கு வருடமும் இப்படியே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தப்பு உங்கள் மேல் இல்லை. ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கணக்குப் போட்டே காட்டலாம்.

அமெரிக்காவில் கான்சஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். முன்பின் தெரியாத இருவர் நெருங்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பதுதான் கேள்வி. ஊர் மாறி வந்தவர்களையும், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களையும் வைத்துப் பார்த்தார். அறிமுகம் என்ற நிலையிலிருந்து சாதாரணப் பழக்கம் ஆவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரம். நண்பர் என்று சொல்லிக்கொள்ள 90. நெருங்கிய நண்பர் ஆக 200-க்கு மேல். இதில் முக்கியமான இன்னொரு விஷயம்: சேர்ந்து வேலை பார்த்த நேரத்துக்கு மதிப்பு குறைவு. சும்மா உட்கார்ந்து பேசுவது, சாப்பிடுவது, ஊர் சுற்றுவது, இவைதான் பலன் தருகின்றன. ஆகவே ஒரே பெஞ்சில் அமர்ந்து ‘சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்’ கேட்ட ஐம்பது நிமிடங்களை இதில் சேர்க்க முடியாது.

இப்போது உங்கள் நாளை எடுத்துக்கொள்வோம். காலேஜ் பஸ்ஸில் வரும் மாணவிக்குக் கல்லூரிக்குள் சும்மா இருக்கக் கிடைப்பது மதிய உணவு இடைவேளை மட்டும்தான். பெரும்பாலான கல்லூரிகளில் அது முக்கால் மணி நேரம். ஒரு செமஸ்டருக்கு 15 வாரம், வாரத்துக்கு 5 நாள் என்று வைத்தால் வருடத்துக்கு 150 நாள். மொத்தம் 112 மணி நேரம் வருகிறது. அதுவும் தினமும் அதே ஆளோடு, இன்டர்னலுக்குப் புத்தகத்தைப் புரட்டாமல் பேசிக்கொண்டே சாப்பிட்டால். உங்கள் சித்தப்பாவுக்கு ஹாஸ்டலில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தினமும் நான்கு மணி நேரமாவது கிடைத்திருக்கும். 200 மணி நேரத்தை ஐம்பதே நாளில் தாண்டியிருப்பார். ஆயுத பூஜை லீவுக்கு ஊருக்கு வரும்போதே அவருக்கு ஒரு செட் அமைந்திருக்கும். உங்களுக்கு அதே தூரத்தைக் கடக்க ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகும்.

ஆகவே ‘பக்கத்தில் உட்கார ஒருத்தி இருக்கிறாள், அவ்வளவுதான்’ என்று நீங்கள் எழுதியதை நான் வேறு மாதிரிப் படிக்கிறேன். இந்தக் கணக்குப்படி அவள் ‘நண்பர்’ என்ற கோட்டைத் தாண்டி, அடுத்த கோட்டுக்குப் பாதி வழியில் நிற்கிறாள். முதலில் அவளைக் கவனியுங்கள்.

அடுத்தது சித்தப்பா. அவர் பொய் சொல்கிறார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவர் சொல்வது அவருடைய கல்லூரி நாட்களைப் பற்றியது அல்ல, அந்த நாட்களில் மிஞ்சி நிற்பதைப் பற்றியது. நாற்பது, ஐம்பது வயதுக்காரர்களிடம் வாழ்க்கையில் நினைவில் நிற்கும் சம்பவங்களைச் சொல்லச் சொன்னால், பத்துக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட வயதில் நடந்தவை அளவுக்கு மீறி அதிகமாக வருகின்றன. நினைவாற்றலை ஆராயும் உளவியலாளர்கள் 1980-களிலிருந்தே இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். முதல் முறையாக வீட்டை விட்டுத் தங்கியது, முதல் காதல், முதல் சம்பளம் என்று ‘முதல்’கள் எல்லாம் அந்த வயதில் குவிந்து கிடப்பது ஒரு காரணம் என்கிறார்கள். இதில் கல்லூரிக்குத் தனிப் பங்கு கிடையாது. பதினெட்டு வயதில் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவரிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். ரூமில் எட்டுப் பேர் படுத்ததும், ஞாயிற்றுக்கிழமை செகண்ட் ஷோ போனதும் அதே பளபளப்போடு வரும்.

இன்னொன்றும் நடக்கிறது. டெரன்ஸ் மிட்செல் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1997-ல் வெளியிட்ட ஆய்வில், விடுமுறைக்கும் சைக்கிள் பயணத்துக்கும் போனவர்களிடம் போவதற்கு முன்பு, போய்க்கொண்டிருக்கும்போது, திரும்பி வந்த பிறகு என்று தனித்தனியாகக் கேட்டார்கள். முன்பு இருந்த எதிர்பார்ப்பும் பின்பு வந்த நினைவும் இனிப்பாக இருந்தன. நடுவில் நடந்துகொண்டிருந்தபோது அவ்வளவு இனிப்பு இல்லை. நீங்கள் இப்போது நடுவில் இருக்கிறீர்கள். சித்தப்பா முடித்துவிட்டு வந்தவர். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் நீங்கள் தோற்கத்தான் செய்வீர்கள்.

ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த முறை அவர் கதை ஆரம்பிக்கும்போது, ‘இரண்டாம் வருடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சாதாரணமாக என்ன செய்வீர்கள் சித்தப்பா?’ என்று கேளுங்கள். யோசிப்பார். மெஸ் சாம்பார், அரியர், வீட்டிலிருந்து மணியார்டர் வராத மாதக் கடைசி எல்லாம் அப்போதுதான் வெளியே வரும். சினிமாவும் இந்தச் செவ்வாய்க்கிழமையைக் காட்டுவதில்லை. கேன்டீன் உண்டு, பைக் உண்டு, கல்ச்சுரல்ஸ் மேடை உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு லேப் ரெக்கார்டு எழுதும் கதாநாயகனை நான் இதுவரை பார்த்ததில்லை.

அந்தக் காலத்துக் கதைகளில் விடுபடும் இன்னொரு பகுதியும் உண்டு. 90-களில் ஹாஸ்டலில் ‘சும்மா ஜாலிக்கு’ என்று சீனியர்கள் செய்தது எப்படிப்பட்டது என்பதற்கு 1996-ல் அண்ணாமலை பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு கொலையே சாட்சி. அதன் பிறகுதான் 1997-ல் தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. அந்த வருடங்களில் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் போனவர்கள் பழைய மாணவர் சந்திப்புக்கு வருவதில்லை, பேட்ச் வாட்ஸ்ஆப் குரூப்பிலும் இருப்பதில்லை. பொற்காலக் கதையைச் சொல்கிறவர்கள் மிச்சமுள்ளவர்கள்.

இவ்வளவு சொன்னாலும், உங்கள் மனக்குறை வெறும் மனக்கோணல் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் (18-23 வயதினர் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால்) 47 சதவீதம். இந்தியா முழுவதற்கும் 28.4. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகும் பெண்கள் உட்பட இத்தனை பேர் படிக்க வந்ததில் ஊருக்கு ஊர் நீளும் மஞ்சள் பஸ்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே பஸ்களும் ‘டிசிப்ளின்’ என்ற விளம்பரமும் பெற்றோருக்கு விற்கப்படும் சரக்கு என்பதும் உண்மை. பத்தொன்பது வயதுப் பெண் வகுப்புத் தோழனிடம் நோட்ஸ் கேட்டதற்கு விசாரணை வைப்பது கல்வி அல்ல. அது பதின்மூன்றாம் வகுப்பு நடத்துவது. உங்கள் கல்லூரி உங்களுக்குத் தராமல் வைத்திருப்பது வேலையில்லாத நேரம். அதைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

‘எல்லோருக்கும் கேங் இருக்கிறது’ என்கிறீர்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக முதலாண்டு மாணவர்களிடம் நடத்தி 2017-ல் வெளியான ஆய்வில், தன்னைவிட மற்றவர்களுக்கு நெருங்கிய நண்பர்கள் அதிகம் என்று 48 சதவீதம் பேர் நம்பினார்கள். எல்லோரும் மற்றவர்களைக் கூட்டத்தில் பார்க்கிறார்கள். தன்னை மட்டும்தான் வீட்டில் தனியாக இருக்கும்போதும் பார்க்கிறார்கள். கல்லூரிகளில் மாணவர் ஆலோசகராக இருந்த வருடங்களில் என் அறைக்கு வந்து ‘எனக்கு மட்டும் செட் ஆகவில்லை’ என்றவர்களில் சிலர், வெளியிலிருந்து பார்த்தால் ஐந்தாறு பேர் கொண்ட கேங்கின் நடுவில் இருப்பவர்கள்.

இனி செய்ய வேண்டியது. உங்கள் கையில் ஏற்கெனவே இருப்பது பஸ். போக ஒரு மணி, வர ஒரு மணிக்கு மேல். ஹெட்போன் போட முடியாது, போனே கிடையாது. விதியைப் போட்டவர்கள் தெரியாமலே செய்த உதவி அது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் குடியிருப்பில் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளரும் சகாக்களும் செய்து 1950-ல் வெளியிட்ட ஆய்வு, யார் யாருக்கு நண்பர் ஆகிறார் என்பதைப் பெரும்பாலும் யார் வீட்டுக் கதவு யார் வீட்டுக் கதவுக்கு அருகில் இருக்கிறது என்பதே தீர்மானித்தது என்று காட்டியது. குணப் பொருத்தம் பிறகுதான். பஸ்ஸில் தினமும் ஒரே சீட்டைப் பிடியுங்கள். பக்கத்தில் வருவது வேறு டிபார்ட்மென்ட், வேறு வருடம் என்றால் இன்னும் நல்லது: மார்க் போட்டி இருக்காது, எச்.ஓ.டி.யைப் பற்றி மனம்விட்டுத் திட்டலாம். காலையில் எல்லோரும் தூங்குவார்கள், விட்டுவிடுங்கள். மாலைப் பயணம்தான் உங்களுக்கு ஹாஸ்டல் வராந்தா.

நான் பெரிதும் நம்புவது என்.எஸ்.எஸ்.-ஐ. சிரிக்காதீர்கள். இரண்டு வருடத்தில் 240 மணி நேரச் சேவை, அதோடு தத்தெடுத்த கிராமத்தில் 7 நாள் சிறப்பு முகாம் என்பது அதன் அமைப்பு. முகாமில் விழித்திருக்கும் நேரத்தை மட்டும் ஒரு நாளைக்கு 14 மணி என்று வைத்தால் 98 மணி நேரம். பாதி நேரம் பள்ளிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதிலும் கருவேலம் வெட்டுவதிலும் போனாலும், மீதியில் ஒரே வாரத்தில் ஹால் சொன்ன முதல் கோட்டைத் தொட்டுவிடலாம். பெண்ணை இரவு வெளியே அனுப்பாத வீடுகளும் இதற்குச் சம்மதிக்கும். மேடம்கள் கூட வருகிறார்கள், சர்டிபிகேட் தருகிறார்கள். சில கல்லூரிகளில் முகாம் என்பது பேனர் கட்டி போட்டோ எடுத்து மாலையே பஸ் ஏற்றிவிடுவதாக இருக்கும். அதனால் பெயர் கொடுப்பதற்கு முன்பு, போன வருடம் ராத்திரி அங்கேயே தங்கினார்களா என்று ஒரு சீனியரிடம் கேட்டுவிடுங்கள்.

சிம்போசியமும் அப்படித்தான். பக்கத்தில் உட்காரும் அந்தத் தோழியோடு சேர்ந்து வேறொரு கல்லூரிக்குப் பேப்பர் பிரசன்டேஷனுக்குப் போங்கள். ஓ.டி. (வகுப்புக்கு வராவிட்டாலும் வருகைப் பதிவு) கிடைக்கும், வீட்டில் கேள்வி வராது. பரிசு வருகிறதோ இல்லையோ, திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும் நேரம் உங்களுடையது. லீவு நாளில் அவளை வீட்டுக்கு ஒரு முறை கூப்பிடுங்கள். ‘ஒரு மாதிரி நினைத்துக்கொள்வாளோ’ என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தயங்கிக்கொண்டிருப்பீர்கள்.

ஹாஸ்டலுக்கு மாறுவதைப் பணம் கட்டுவதற்கு முன்பு விசாரியுங்கள். சித்தப்பாவின் ஹாஸ்டல் வேறு, இன்றைய பல தனியார் கல்லூரிகளின் மகளிர் ஹாஸ்டல் வேறு. ஆறு மணிக்கு அட்டெண்டன்ஸ், ஏழரையிலிருந்து ஸ்டடி ஹவர், பத்து மணிக்கு லைட் ஆஃப் என்றால் உங்களுக்குக் கிடைப்பது சாப்பாட்டு நேரம் மட்டுமே. அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. அங்கே தங்கியிருக்கும் ஒரு மாணவியிடம், ராத்திரி எட்டு மணிக்கு மேல் பக்கத்து ரூமுக்குப் போய் உட்கார முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்றால், வீட்டிலும் வசதி இருந்தால், மாறலாம்.

கல்லூரி மாறுவது இந்தக் காரணத்துக்குத் தேவையில்லை என்பது என் அபிப்பிராயம். மூன்றாம் ஆண்டில் புது வகுப்புக்குள் நுழைந்தால் மணிக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். தனிமையாக இருப்பது வேறு. இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் மனம் சோர்ந்தே இருப்பது, தூக்கமும் பசியும் கெடுவது, பிடித்த எதிலும் நாட்டம் போய்விடுவது வேறு. இரண்டாவது இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்; அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ல் தமிழிலேயே பேசலாம். உங்கள் கடிதத்தில் அந்த அறிகுறி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

ராகிங்கோ துன்புறுத்தலோ இருந்து அதை எழுதாமல் விட்டிருந்தால் விஷயமே வேறு. ராகிங் தடுப்பு உதவி எண் 1800-180-5522. பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்கலாம். அப்படி ஒரு நிலையில் கல்லூரியை விட்டே வெளியேற வேண்டி வந்தால், உங்கள் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ள யு.ஜி.சி. விதி அனுமதிப்பதில்லை. கட்டிய கட்டணம் இரண்டாம் ஆண்டில் திரும்ப வராது, அதை மட்டும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.