பெர்லின் பள்ளி விண்ணப்பத்தில் தாய்மொழி என்று எதை எழுதுவது?

கேள்வி: கணவருக்கு பெர்லினில் ஐ.டி. வேலை கிடைத்திருக்கிறது. 2 வருட ஒப்பந்தம், அப்புறம் நீட்டிக்கலாம் என்கிறார்கள். மகள் இங்கே யு.கே.ஜி. படிக்கிறாள், வரும் ஜூலையில் 6 வயது முடிகிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், ஜெர்மன் சுத்தமாகத் தெரியாது. இருமொழி இன்டர்நேஷனல் பள்ளிக்கு விண்ணப்பிக்க நினைக்கிறோம். தாய்மொழி ஆங்கிலம் என்று போட்டால்தான் இடம் கிடைக்கும், இப்போதே வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள் என்று அங்கே இருக்கும் உறவினர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
- வாசகி, கோவை

பதில்: தமிழை நிறுத்த வேண்டாம். அதனால் உங்களுக்கு ஒரு பைசா லாபமும் இல்லை. உறவினர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது புரிகிறது. பெர்லினில் 1992 முதல் அரசே நடத்தும் இருமொழிப் பள்ளிகள் இருக்கின்றன, ஐரோப்பியப் பள்ளி என்று பெயர். ஜெர்மனோடு ஆங்கிலம், பிரெஞ்சு, துருக்கி, போலிஷ் என்று ஏதாவது ஒரு மொழி, பாடங்களில் பாதி இதில், பாதி அதில். வகுப்பிலும் முடிந்தவரை இரண்டு மொழிப் பிள்ளைகளையும் சரிபாதியாகச் சேர்க்கப் பார்ப்பார்கள். அதனால் இரண்டில் ஒரு மொழியையாவது குழந்தை அந்த வயதுக்குத் தாய்மொழி போலப் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அவர்கள் பார்ப்பது குழந்தை பேசுவதைத்தான், விண்ணப்பத்தில் நீங்கள் எழுதுவதை இல்லை. நேரில் உட்காரவைத்துப் பேசிப் பார்ப்பார்கள்.

அங்கேதான் நம் ஊர் ஆங்கிலம் கொஞ்சம் தடுமாறும். 'மை நேம் ஈஸ்', 'ஐ யம் ஃபைவ் இயர்ஸ் ஓல்டு', இரண்டு ரைம்ஸ் எல்லாம் கடகடவென்று வந்துவிடும். ஒரு படத்தைக் காட்டி, இந்த நாய் ஏன் ஷூவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது, அந்தப் பையன் இனி என்ன செய்வான் என்று கேட்டால் பிள்ளை அம்மா முகத்தைப் பார்க்கும். ஆங்கிலம் தெரியாமல் இல்லை, அதில் கதையளந்து பழக்கமில்லை, அவ்வளவுதான். அதனால் தினமும் ஒரு படக்கதைப் புத்தகத்தை எடுத்து, ஆங்கிலத்தில் அவள் இஷ்டத்துக்கு உளறவிடுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். சாப்பாடு, சண்டை, தாத்தாவோடு போன் பேச்சு எல்லாம் தமிழிலேயே இருக்கட்டும். விண்ணப்பத்தில் வீட்டு மொழி தமிழ், பள்ளி மொழி ஆங்கிலம் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அம்மாவும் அப்பாவும் தமிழில் பேசிக்கொண்டே வந்து உட்கார்ந்தால் எப்படியும் தெரியத்தானே போகிறது.

சரி, எந்தப் பள்ளி? வில்மர்ஸ்டார்ஃபில் நெல்சன் மண்டேலா பள்ளி இருக்கிறது. அரசுப் பள்ளி, கட்டணம் கிடையாது, ஜெர்மனும் ஆங்கிலமும். வேலைக்காக நாடு மாறிக்கொண்டே இருக்கும் குடும்பங்களை மனதில் வைத்து நடத்துவது, அதனால் கணவரின் கம்பெனியிடம் ஒரு கடிதம் வாங்கிவையுங்கள், ஒப்பந்தக் காலம் அதில் தெளிவாக இருக்கட்டும். ட்சேலண்டார்ஃபில் 1960-இல் தொடங்கிய ஜான் எஃப். கென்னடி பள்ளியும் அரசுப் பள்ளிதான், ஆனால் அது முக்கியமாக அமெரிக்க, ஜெர்மன் பிள்ளைகளுக்கானது, அதை நம்பி இருக்காதீர்கள். இலவசம் என்பதால் இந்த மாதிரிப் பள்ளிகளில் கூட்டம் அதிகம். தனியார் இன்டர்நேஷனல் பள்ளியில் இடம் சுலபம், ஆனால் ஆண்டுக்கு 10,000 யூரோவைத் தாண்டுபவை உண்டு. சில தனியார் பள்ளிகள் பெற்றோரின் வருமானத்தைப் பார்த்துக் கட்டணம் போடுகின்றன. கட்டும் கட்டணத்தில் 30 சதவீதத்தை, ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 5,000 யூரோ வரை, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கம்பெனி கட்டணம் தருமா என்பதை ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும், போட்ட பிறகு கேட்டால் சிரிப்பார்கள்.

இப்போது தேதி. செப்டம்பர் 30-க்குள் 6 வயது முடிந்தால் பெர்லினில் அந்த ஆண்டே பள்ளிக்குப் போயாக வேண்டும், வீட்டில் வைத்துச் சொல்லித்தர சட்டம் அனுமதிக்காது. உங்கள் மகளுக்கு ஜூலை, ஆக அவளும் இதில் வருகிறாள். சேர்க்கைப் பதிவு முந்தைய ஆண்டு இலையுதிர் காலத்திலேயே நடந்துவிடும், நீங்கள் அப்போது கோவையில் இருந்திருப்பீர்கள். அதனால் போய் இறங்கி வாடகை வீட்டு முகவரியைப் பதிந்ததுமே அந்த வட்டாரக் கல்வி அலுவலகத்தைப் பாருங்கள். இருமொழிப் பள்ளிதான் வேண்டும் என்றாலும் உங்கள் வீட்டு எல்லைக்குரிய பள்ளியில் பெயரைப் பதிந்துவிட்டு, விருப்பத்தை அங்கேயே சொல்வதுதான் வழக்கம்.

ஒரு காகிதத்தை மட்டும் இங்கிருந்தே ஒழுங்காகக் கொண்டுபோங்கள், அது தடுப்பூசி அட்டை. 2020 மார்ச் முதல் தட்டம்மைக்கு 2 ஊசி போட்ட சான்று பள்ளியில் கட்டாயம். நம் அட்டையில் 9-ஆவது மாதக் கட்டத்திலும் ஒன்றரை வயதுக் கட்டத்திலும் 'எம்.ஆர்.' என்று கிறுக்கி, தேதி பாதி அழிந்து கிடக்கும். ஜெர்மன்காரருக்கு அதில் ஒன்றும் புரியாது. குழந்தை டாக்டரிடம், இது தட்டம்மை ஊசி, இன்னின்ன தேதியில் போட்டது என்று லெட்டர்பேடில் டைப் செய்து, சீல் வைத்து வாங்கிவிடுங்கள். பிறப்புச் சான்றிதழும் கூடவே இருக்கட்டும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. 6 வயதுப் பிள்ளைக்கு எனக்குப் பிடித்தது தெருமுனை அரசுப் பள்ளிதான். 1, 2-ஆம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளைப் பெரும்பாலும் நேராக மற்றவர்களோடே உட்காரவைப்பார்கள், விளையாட்டிலேயே ஜெர்மன் ஒட்டிக்கொள்ளும். மதியச் சாப்பாடு 6-ஆம் வகுப்பு வரை இலவசம். இரண்டு வருடத்தில் திரும்புவது உறுதி என்றால் இருமொழிப் பள்ளிக்கு அலைவதில் அர்த்தம் இருக்கிறது. தங்கிவிடுவோம் என்று உள்ளுக்குள் தோன்றினால் இந்த அலைச்சலே வேண்டாம்.

கேள்வி: அதே பெர்லின்தான், ஆனால் என் மகன் 9-ஆம் வகுப்பு. அவனையும் பக்கத்து அரசுப் பள்ளியில் போடலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: இவனுக்குக் கதை வேறு. ஜெர்மன் தெரியாத பெரிய பிள்ளைகளை முதலில் மொழி கற்றுத்தரும் தனி வகுப்பில் சேர்ப்பார்கள், அதில் கழியும் காலம் இந்த வயதில் வலிக்கும். ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) டிப்ளமோ தரும் பள்ளி கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அது கடைசி 2 வருடப் படிப்பு, இந்தியாவில் பிளஸ் டூவுக்குச் சமமாக ஏற்கிறார்கள். திரும்பி வந்து மருத்துவம் படிக்கும் எண்ணம் இருந்தால் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் சேர்த்து எடுக்க அந்தப் பள்ளி விடுமா என்று சேர்க்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.