ஹவுஸ்கீப்பிங்கிலிருந்து ரிசப்ஷனுக்கு: பட்டம் இல்லாமல் போக ஒரு வழி

இரண்டு வருடமாக ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்கிறீர்கள், ரிசப்ஷன் வேலைக்கு எங்கே விண்ணப்பித்தாலும் பட்டம் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். வெளியே விண்ணப்பிப்பதை இப்போதைக்கு நிறுத்துங்கள். புது இடத்தில் உங்கள் காகிதத்தைத்தான் பார்ப்பார்கள். இப்போது இருக்கும் ஹோட்டலில் உங்கள் வேலையையே பார்த்திருக்கிறார்கள்.

அங்கேயே நைட் ஆடிட் ஷிஃப்டைக் குறிவையுங்கள், அதாவது இரவில் ரிசப்ஷனில் இருந்து அன்றைய கணக்கைச் சரிபார்த்து முடிக்கும் வேலை. இரவு வேலைக்கு ஆள் கிடைப்பது கஷ்டம் என்பதால் பல இடங்களில் பட்டத்தை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. செய்ய வேண்டியவை இவை: அறை வாடகையையும் வரியையும் பில்லில் ஏற்றுவது, ரொக்கமும் கார்டு வரவும் கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது, முன்பதிவு செய்தும் வராதவர்களின் பதிவுகளை முடிப்பது, கடைசியில் ஹோட்டல் கணினியில் கணக்குத் தேதியை அடுத்த நாளுக்கு மாற்றுவது. தேதி மாறியபின் பிழை தெரிந்தால் திருத்துவது பெரும்பாடு, அதனால் சரிபார்ப்பை அவசரப்படுத்தக் கூடாது.

இதில் உங்களுக்கு ஏற்கெனவே ஒரு பலம் உண்டு. ஓர் அறையில் ஆள் இருப்பதாகக் கணினி காட்டும். சுத்தம் செய்ய நீங்கள் கதவைத் திறந்தால் பெட்டி இல்லை, படுக்கை கலையவில்லை. செக் அவுட் பதியாமல் விட்டிருக்கலாம், அறை மாற்றத்தைக் குறிக்காமல் இருக்கலாம், பணம் கட்டாமலே போயிருக்கலாம். இப்படிப்பட்ட அறைகளை உடனே ரிசப்ஷனுக்குச் சொல்லி, எது காரணம் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அங்கே உங்கள் பெயர் பதியும்.

மேனேஜரிடம் “வாய்ப்பு கொடுங்கள்” என்று பொதுவாகக் கேட்காதீர்கள். “ஒரு மாதம், வாரம் ஓர் இரவு, நைட் ஆடிட்டர் பக்கத்தில் உட்கார்ந்து பழகுகிறேன்” என்று கேளுங்கள். அந்த நேரத்துக்குச் சம்பளம் உண்டா என்பதையும் முன்னாலேயே பேசிவிடுங்கள். உங்கள் சூப்பர்வைசருக்கு நீங்களே முதலில் சொல்லுங்கள். வேறு வாய் வழியாகப் போனால் முட்டுக்கட்டை அங்கிருந்துதான் வரும்.