2015-ல் வெள்ளம், 2019-ல் வறட்சி: சென்னைத் தண்ணீர் கேள்வி பதில்

வேளச்சேரி வாசகர்: 2015-ல் ஊரே மிதந்தது. நாலே வருஷத்தில் ஏரி எல்லாம் எப்படி சார் காய்ந்தது?

பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் சேர்ந்தே சுமார் 11 டிஎம்சிதான் (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) பிடிக்கும். அது நிறைந்தபின் எவ்வளவு கொட்டினாலும் கடலுக்குத்தான். 2016 வடகிழக்குப் பருவமழை மாநில அளவில் 62 சதவீதம் குறைந்தது, 2018-லும் ஏமாற்றியது. முதலில் மழை குறையும், அப்புறம் மண் ஈரம் போகும், பிறகு ஏரி இறங்கும், கடைசியில் போர்வெல். அதனால் வறட்சி தாமதமாகவே நம் கண்ணில் படுகிறது. டிசம்பர் கடைசியில் ஏரி இருப்பைப் பார்த்தாலே ஜூன் நிலவரம் பெரும்பாலும் தெரிந்துவிடும். கோடையில் நாளுக்கு 5 மி.மீ. ஆவியானாலே, ஒரு சதுர கி.மீ. நீர்ப்பரப்பில் 50 லட்சம் லிட்டர் போச்சு.

வெப்பம் கூடக் கூட இந்த இழப்பும் ஏறும். மழையும் பல நாள் நிதானமாகப் பெய்யாமல் சில நாளில் கொட்டித் தீர்க்கும்.

2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்தார்களே, அது உதவியதா?

ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். அப்போது சென்னையில் குறைத்து விநியோகித்ததே நாளுக்குச் சுமார் 52 கோடி லிட்டர். வகுத்துப் பாருங்கள். அவசரத்துக்குச் செய்தது, அவ்வளவுதான்.

குரோம்பேட்டை வாசகி: மாடி 1,000 சதுர அடி. மழைநீரைச் சம்ப்பில் (தரையடித் தொட்டியில்) பிடிக்கவா, மண்ணுக்குள் விடவா?

இரண்டும் செய்யுங்கள் மேடம். 1,000 சதுர அடி என்றால் 93 சதுர மீட்டர். 1 மி.மீ. மழைக்கு 93 லிட்டர். சிந்துவது, உறிஞ்சுவது போக 75 லிட்டர் கைக்கு வரும். ஆண்டுக்கு 1,400 மி.மீ. பெய்தால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல்.

மாடிக் குழாயில் முதலில் 100 லிட்டர் டிரம் ஒன்று வையுங்கள். முதல் 1 மி.மீ. மழையின் தூசி, காக்கை எச்சம் எல்லாம் அதில் நிற்கும். டிரம் நிறைந்ததும் தண்ணீர் வடிகட்டி வழியாகச் சம்ப்புக்குத் திரும்ப வேண்டும். மழை விட்டதும் அடி வால்வைத் திறந்து காலி செய்ய மறந்தால், அடுத்த மழையின் அழுக்கு நேரே சம்ப்பில்தான்.

சம்ப் வழிவதை உறைகிணற்றுக்கு விடுங்கள். 3 அடி விட்டம், 15 அடி ஆழம் போட்டால் சுமார் 3,000 லிட்டர் பிடிக்கும். ஒரு மணி நேரத்தில் 50 மி.மீ. கொட்டினால் உங்கள் மாடியிலிருந்து 3,700 லிட்டர் இறங்கும், ஆகவே வழிவுக்குழாய் கட்டாயம். அடியில் கான்கிரீட் போட மேஸ்திரியை விடாதீர்கள். தண்ணீர் இறங்க வேண்டியதே அந்த வழியாகத்தான்.

மழைநீர்க் குழி 2003-லேயே போட்டோம். போரில் மட்டம் ஏறவே இல்லையே?

பெரும்பாலும் குழி அடைத்திருக்கும். மேல் மணலில் வண்டல் ஏடுபோலப் படிந்தால் தண்ணீர் இறங்காது. செப்டம்பரில் மேலே 10 செ.மீ. மணலை வாரிவிட்டுப் புது ஆற்றுமணல் போடுங்கள். ஒரு டிரம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். மறுநாளும் தேங்கி நின்றால் ஜல்லி வரை தோண்டிக் கழுவ வேண்டும். களிமண் பகுதியில் 4 அடிக் குழி பிரயோஜனமில்லை, மணல் தட்டும் வரை இறக்கணும். தெருத் தண்ணீரையோ வாஷிங் மெஷின் தண்ணீரையோ போருக்குள் நேராக விடவே கூடாது.

நெம்மேலி, மீஞ்சூர் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?

கடல்நீரைக் குடிநீராக்க 1,000 லிட்டருக்கு மூன்று நான்கு யூனிட் மின்சாரம் ஆகிறது. ஏரி வற்றினாலும் ஓடும் என்பதால் ஆலையும் தேவைதான். ஆனால் கரையோரத்தில் போர் போட்டு இறைத்துக்கொண்டே இருந்தால் உப்புநீர் உள்ளே ஏறும்; மீஞ்சூர் பக்கம் பல கிணறுகளுக்கு அந்தக் கதிதான். ஆலை அதைச் சரிசெய்யாது. நல்ல தண்ணீரை மண்ணுக்குள் இறக்குவதும் இறைப்பதைக் குறைப்பதும்தான் வழி.