டயாலிசிஸ் நடக்கும்போது வேலை மாறலாமா?

கேள்வி: கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் ஆறு வருடமாக குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். வயது 36, சம்பளம் 19,800. இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது, ஒன்றரை வருடமாக ஈஎஸ்ஐ மூலம் வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. புதிதாக வந்த மேனேஜர் எல்லார் முன்னாலும் கேவலமாகப் பேசுகிறார், எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்கிறார். வேறு கம்பெனியில் மாதம் 26,000க்கு ஆஃபர் வந்திருக்கிறது. இவர்கள் மீது நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் விட்டுவிட்டு ராஜினாமா செய்யலாமா? புது இடத்தில் நோயைச் சொல்ல வேண்டுமா?

பதில்: மூன்று பக்கக் கடிதத்தில் இரண்டே முக்கால் பக்கம் மேனேஜரைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் தனியார் கம்பெனியில் மேலதிகாரி வாய்க்கு வந்ததைப் பேசினார் என்பதை மட்டும் வைத்து நஷ்டஈடு வாங்குவது நடக்கிற காரியமில்லை, அதை இத்தோடு விட்டுவிடுங்கள். நீங்கள் இணைத்திருக்கும் ஆஃபர் லெட்டரின் கடைசிப் பக்கத்தில் உள்ள சம்பளப் பட்டியல்தான் எனக்கு முக்கியமாகப் பட்டது, அதைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஈஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கான சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியிலிருந்து மாதம் 21,000. அதற்கு மேல் சம்பளத்தில் புது வேலையில் சேர்ந்தால் ஈஎஸ்ஐ கிடையாது. வெளியே ஒரு டயாலிசிஸுக்கு 1,800 ஆகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாதம் 13 தடவை என்றால் 23,400 ரூபாய். ஆறாயிரம் கூடுதலாக வாங்கப் போய் இருபத்து மூன்றாயிரத்தை இழக்கப் பார்க்கிறீர்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு வரம்பு 25,000 என்று யாராவது சொல்வார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகை ஊனங்களில் சிறுநீரகச் செயலிழப்பு இல்லை, அதனால் அது உங்களுக்கு உதவாது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000க்குள் இருக்க வேண்டும், அதையும் நீங்கள் தாண்டிவிட்டீர்கள். பழைய சந்தாவை வைத்து இன்னும் சில மாதம் வைத்தியம் ஓடும் என்பது உண்மைதான், ஆனால் அந்தக் காலம் ஒரு தேதியில் முடிந்துவிடும், உங்களுக்கு டயாலிசிஸ் அதோடு முடியப் போவதில்லை.

சரி, அப்படியானால் வேலை மாறவே கூடாதா? மாறலாம். அந்தப் பட்டியலை என்னோடு சேர்ந்து பாருங்கள். 26,000 என்பது சிடிசி, அதாவது உங்களுக்காகக் கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவு. அதில் கம்பெனி கட்டும் பிஎஃப் 1,560, கிராஜுவிட்டிக்கு 625, வருடத்துக்கு ஒருமுறை தரும் பெர்ஃபார்மன்ஸ் தொகை மாதக் கணக்கில் 2,000. இவற்றைக் கழித்தால் மாதச் சம்பளம் 21,815. வரம்பை வெறும் 815 ரூபாயில் தாண்டுகிறீர்கள்! மாதச் சம்பளத்தை 20,900 ஆக்கி ஈஎஸ்ஐயில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் பங்கான 3.25 சதவீதம், அதாவது 679 ரூபாயைச் சேர்த்தாலும் அவர்களுக்கு 21,579தான் ஆகிறது, இப்போது தருவதாகச் சொன்னதை விடக் குறைவு. உங்களிடம் 0.75 சதவீதம், 157 ரூபாய் பிடிப்பார்கள். மொத்தத்தில் மாதம் ஆயிரத்துச் சொச்சம் நஷ்டம். கண்ணை மூடிக்கொண்டு ஒத்துக்கொள்ளுங்கள். குறைத்த பணத்தைத் தனியாகக் கையில் தருகிறோம் என்றால் மட்டும் வேண்டாம், நாளைக்கு அது உங்கள் தலையில்தான் விடியும்.

இன்னொன்று. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்த பிறகு எந்தப் படி சம்பளக் கணக்கில் சேரும், எது சேராது என்பது மாறுகிறது. அது உங்களுக்குச் சாதகமாகக்கூட அமையலாம். அதனால் என் கணக்கை மட்டும் நம்பாதீர்கள், "இவர் ஈஎஸ்ஐயில் சேர்க்கப்படுவார்" என்று புது கம்பெனியின் ஹெச்ஆர் மெயிலில் எழுதித் தரட்டும். அந்த மெயில் வரும்வரை ராஜினாமாக் கடிதத்தைத் தொடாதீர்கள். அடுத்த ஊதிய உயர்வு எப்போது என்றும் கேளுங்கள். ஏப்ரல் 1 முதல் உயர்ந்து 21,000ஐத் தாண்டினால் அன்றே வெளியே, மே மாதம் உயர்ந்தால் செப்டம்பர் 30 வரை உள்ளே இருப்பீர்கள். ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என்று சந்தாக் காலம் அப்படித்தான் பிரிகிறது.

இனி, என்னிடம் வருகிறவர்கள் திரும்பத் திரும்ப மாட்டிக்கொள்ளும் இடம். புது கம்பெனியில் சேரும் நாளில் கத்தையாக ஃபாரம் நீட்டுவார்கள், அவசரத்தில் கையெழுத்துப் போடுவீர்கள், பழைய ஈஎஸ்ஐ நம்பரை நீங்கள் சொல்லாவிட்டால் அவர்கள் புதிதாக ஒரு நம்பர் போட்டுவிடுவார்கள். ஒரு ஃபவுண்டரித் தொழிலாளி இப்படித்தான் வந்தார். பதினோரு வருடம் சந்தா கட்டியவர், புது நம்பரில் நாலு மாதம்தான் காட்டியது. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்புக்கு ஈஎஸ்ஐயில் நீட்டிக்கப்பட்ட நோய்க்காலப் பணம் உண்டு, வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 80 சதவீதம், மொத்தம் இரண்டு வருடம் வரை. ஆனால் அதற்குத் தொடர்ச்சியாக இரண்டு வருடம் ஈஎஸ்ஐ உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும், முந்தைய நான்கு சந்தாக் காலங்களில் 156 நாள் சந்தா இருக்க வேண்டும். இரண்டு நம்பரையும் ஒன்றாக்கக் கிளை அலுவலகத்துக்கும் பழைய கம்பெனிக்கும் அலைந்து முடிப்பதற்குள் அவர் வீட்டில் நகை எல்லாம் அடகுக்குப் போய்விட்டது. சட்டப்படி அவர் பக்கம் எந்தத் தப்பும் இல்லை, பணம்தான் வேண்டிய நேரத்தில் வரவில்லை. நீங்கள் பழைய ஈஎஸ்ஐ கார்டின் நகலைக் கையில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு மெயிலும் போட்டு, முதல் மாதச் சந்தா ஏறியதும் ஈஎஸ்ஐசி இணையதளத்தில் உங்கள் லாகினில் போய் அதே நம்பரில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

தொடர்ச்சி என்று சொன்னேன் அல்லவா, நோட்டீஸ் வேண்டாம் என்பதற்குக் காரணமே அதுதான். நோட்டீஸ் போய்ச் சேர்ந்த மறுநாளிலிருந்து உங்கள் ரிலீவிங் ஆர்டர் ஒவ்வொரு மேஜையாகத் தூங்கும், புது கம்பெனி அது இல்லாமல் சேர்க்காது, நடுவில் இரண்டு மாதம் வேலையும் இல்லாமல் சந்தாவும் இல்லாமல் நிற்பீர்கள். மேனேஜரைத் தாண்டி ஹெச்ஆரிடம் நேராகப் போய், நானே போகிறேன், இந்தத் தேதியில் விடுவியுங்கள், பாக்கிச் சந்தாவையும் கிராஜுவிட்டியையும் முடித்துக் கொடுங்கள் என்று பேசி முடியுங்கள். உங்களை அனுப்புவதுதான் அவர்களுக்கும் வேண்டியது, அதனால் சம்மதிப்பார்கள். ஆறு வருடம் ஆகிவிட்டது, கிராஜுவிட்டி உங்கள் உரிமை. ராஜினாமாவில் "உடல்நிலை காரணமாக வேலை செய்ய இயலவில்லை" என்று எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். வேறு வேலை கிடைத்திருக்கிறது என்று ஒரே வரி எழுதினால் போதும்.

நோயைச் சொல்வதா? கேட்காத இடத்தில் நீங்களாக வரிசையாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் ஃபாரத்தில் எழுத்தில் கேட்டால் பொய் எழுதாதீர்கள், பொய்த் தகவல் கொடுத்து வேலை வாங்கினார் என்ற ஒரே காரணத்தில் வெளியே அனுப்ப நீங்களே வழி செய்து கொடுத்த மாதிரி ஆகிவிடும். எப்படியும் வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், கையில் டயாலிசிஸ் ஊசிக்காகச் செய்த ஃபிஸ்டுலா தெரிகிறது, எத்தனை நாள் மறைப்பீர்கள்? ஷிப்ட் நேரத்தை முதலிலேயே பேசிக்கொள்வதுதான் நல்லது. ஈஎஸ்ஐ இல்லாமல் குரூப் இன்சூரன்ஸ்தான் தருவோம் என்று அவர்கள் பிடிவாதமாக நின்றால், பாலிசியில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டா, டயாலிசிஸுக்கு இவ்வளவுதான் தருவோம் என்று உள்வரம்பு ஏதாவது இருக்கிறதா என்று பாலிசி நகலையே வாங்கிப் பாருங்கள், வாய்வார்த்தை எடுபடாது. தனியாகப் பாலிசி எடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைத்தால் ஏற்கெனவே உள்ள நோய்க்கு 36 மாதம் வரை காத்திருக்க வைக்கலாம். மறைத்து எடுத்தாலோ, 2009இல் சத்வந்த் கவுர் சந்து வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் நடக்கும்: சர்க்கரை நோயையும் சிறுநீரகக் கோளாறையும் சொல்லாமல் எடுத்த மெடிக்ளெய்ம் பாலிசியில் பணம் தர மறுத்தது சரி என்று தீர்ப்பானது.

இப்போதைக்கு புது கம்பெனி ஹெச்ஆரிடம் அந்த 815 ரூபாயைப் பற்றிப் பேசுங்கள். அவர்கள் முடியாது என்றால், இந்த ஆஃபரை விட்டுவிட்டு இருக்கிற இடத்திலேயே இருந்துகொண்டு ஈஎஸ்ஐ உள்ள வேறு வேலை தேடுங்கள்.