பிரபு வீடு ஹோட்டலான கதை

கேள்வி: இங்கிலாந்தின் கிளைவ்டன் மாளிகை எப்படி ஹோட்டலானது? எங்கள் பழைய சுண்ணாம்புக் காரை வீட்டையும் அப்படித் தங்கும் விடுதியாக்கலாமா? - ஒரு வாசகி, ராயபுரம்

பதில்: முக்கியக் காரணம் வரி. பிரிட்டனில் 1894-ல் வந்த மரண வரி (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து மீதான வரி), மிகப் பெரிய சொத்துகளுக்கே 8 சதவீதம்தான். 1919-ல் அது 40 ஆனது, 1949-ல் 80! வாரிசுகள் வீட்டை விற்றார்கள், பலர் இடித்தே விட்டார்கள். கிளைவ்டன் தப்பியது. இருமுறை தீயில் எரிந்து, 1851-ல் கட்டடக் கலைஞர் சார்லஸ் பாரி மறுபடி கட்டிய வீடு அது. அதன் உரிமையாளரான ஆஸ்டர் குடும்பம் 1942-லேயே அதை, பழைய மாளிகைகளைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளையிடம் ஒப்படைத்துவிட்டு, அங்கேயே வசித்தது. 1980-களில் ஹோட்டலானது, குத்தகைக்குத்தான். விற்காமலே வீட்டைக் காப்பாற்றிய இந்த ஏற்பாடு அருமையானது.

உங்கள் வீட்டையும் மாற்றலாம். ஆனால் குளியலறையில்தான் பழைய வீடுகள் கெடும். மெட்ராஸ் டெரஸ் தளத்தில் (தேக்குச் சட்டங்கள்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட தளம்) தண்ணீர் கசிந்தால், சுவருக்குள் பதிந்திருக்கும் தேக்குச் சட்டத்தின் முனை வெளியே தெரியாமல் உளுத்துவிடும். எனவே முதலில் பொறியாளரை வைத்து ஒவ்வொரு முனையையும் தட்டிப் பாருங்கள். குளியலறைகளைத் தரைத்தளத்தில், வெளிச்சுவரை ஒட்டி வையுங்கள்.

காரை உதிர்ந்த இடத்தில் சிமென்ட் பூசவே கூடாது. ஈரம் உள்ளே அடைபட்டு, உப்புப் பூத்து, செங்கல்லோடு பெயர்ந்து வரும். கடற்கரை ஓரம் இன்னும் சீக்கிரம். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு சலித்த மணல், மெல்லிய பூச்சுகளாக. ஒரு வாரமாவது ஈரச் சாக்குப் போட்டு வையுங்கள்.