பூத்து முடிந்த புரோமிலியாட் வாடுகிறது, பிடுங்கவா? நடுவில் தண்ணீர் விட்டால் டெங்கு வராதா?

கேள்வி கேட்டவர் சொல்வது இதுதான்: நடுவில் சிவப்பாகப் பூ நின்ற புரோமிலியாட் என்ற அலங்காரச் செடி ஒன்றை வாங்கிப் பல்கனியில் வைத்தார். ஆறு மாதத்தில் வெளி இலைகள் பழுத்துக் காய்கின்றன. என்ன பிழை செய்தேன், பிடுங்கிவிடவா, இலைகள் கூடும் நடுக்குழியில் தண்ணீர் விடச் சொல்கிறார்களே டெங்கு வராதா என்று கேட்கிறார்.

நீங்கள் ஒரு பிழையும் செய்யவில்லை. தயவுசெய்து பிடுங்காதீர்கள். இதை முதலில் சொல்லக் காரணம், இதே இடத்தில்தான் நான் மூன்று உயிரைக் கொன்றேன்.

வாழை குலை தள்ளினால் தாய்மரம் அதோடு சரி. பக்கத்தில் நிற்கும் குட்டிதான் அடுத்த மரம். புரோமிலியாட்டும் அப்படித்தான். ஒரு செடி ஒருமுறைதான் பூக்கும். பிறகு ஒரு வருடம், சிலவேளை இரண்டு வருடம் எடுத்து மெல்ல வாடும். அதற்கிடையில் அடியில் கன்று விடும். கடையில் பூவோடு விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. சொன்னால் யார் வாங்குவார்கள்? உங்கள் செடியின் அடி இலையை மெல்ல விலக்கிப் பாருங்கள். விரல் அளவில் ஒன்றாவது முளைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி என் கதை. நான் மட்டக்களப்பு, கல்லடி. சரியாகச் சொன்னால் கல்லடியில் பெண் எடுத்தவன். எங்கள் பக்கத்து வழக்கத்தில் வீடும் வளவும் பெண்ணுக்குச் சீதனமாகப் போகும், மாப்பிள்ளைதான் அங்கே போய்க் குடியிருப்பான். ஆகவே நான் முப்பது வருடமாகக் குடியிருக்கும் வளவு மாமியுடைய ஆட்சி. எந்தச் செடி எங்கே நிற்க வேண்டும் என்பதும் அவர் சொல்வதுதான்.

2013 இல் கண்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது, பேராதனைப் பக்கம் ரோட்டோரப் பூக்கன்றுக் கடையில் குஸ்மானியா என்ற புரோமிலியாட் வகை ஒன்று வாங்கினேன். மகியங்கனை வழி பஸ். பதினெட்டு வளைவிலும் அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தேன். இடையில் பக்கத்து சீட்டுப் பிள்ளைக்கு வாந்தி வந்ததால், செடியைச் சுற்றியிருந்த ஷொப்பிங் பையைக் கழற்றி அவன் தாயிடம் கொடுத்துவிட்டேன். மிச்ச வழி முழுக்க இலை என் சேர்ட்டில் உரசிக்கொண்டே வந்தது.

மாமி ஒரு பார்வை பார்த்தார். "இது அன்னாசிக் கன்றெல்லோ மனே? இதுக்கா காசு குடுத்தாய்?"

நான் சிரித்தேன். இது அலங்காரச் செடி மாமி, தென் அமெரிக்கக் காட்டில் மரக்கிளையில் வளர்வது என்று பெரிய விளக்கம் கொடுத்தேன். அவர் கேட்டுவிட்டு, "காய்க்காத அன்னாசி" என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் வீட்டில் இன்றுவரை அதுதான் பெயர். அன்னாசியும் இதுவும் ஒரே குடும்பம் என்பது எனக்குத் தெரிய வந்தது இரண்டு வருடம் கழித்து. இந்தக் குடும்பத்தில் மூவாயிரத்துக்கு மேல் இனங்கள் இருக்கின்றன. மேற்கு ஆபிரிக்காவில் நிற்கும் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அமெரிக்கக் கண்டங்களைச் சேர்ந்தவை.

பூ நாலைந்து மாதம் வடிவாக நின்றது. அப்புறம் உங்களுக்கு நடந்ததுதான் எனக்கும் நடந்தது, வெளி இலை பழுத்தது. முதலில் கிணற்றைச் சந்தேகப்பட்டேன். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வாவி, நடுவில் மணல். எங்கள் கிணற்றில் சவர் எப்போதும் கொஞ்சம் உண்டு. பிறகு பூஞ்சணம் என்று முடிவு கட்டினேன். ஒரு இலையை வெட்டிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போனேன். கடைக்காரர் செப்பு மருந்து தந்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தக்காளிக்கும் மிளகாய்க்கும் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற மருந்து அது. "புரோமிலியாட்" என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கினாரோ தெரியாது. நானும் குறைந்தவன் இல்லை. அடிப்பதோடு நிற்காமல் நடுக்குழி நிறையவும் ஊற்றினேன். ஒரு கிழமை விட்டு இன்னொரு தடவை.

பத்தாம் நாள் நடு இலையைத் தொட்டேன், கையோடு வந்தது. அடியில் இரண்டு கன்று முளைத்திருந்ததை அன்றுதான் கண்டேன். இரண்டும் கறுத்துப்போய் இருந்தன.

மாமி வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "அன்னாசி காய்ச்சா தாய் போகும், பக்கக் கன்று நிக்கும். வாழைக்கும் அதுதானே. நீ பிள்ளையளுக்கெல்லோ நஞ்சு வச்சிட்டாய்."

செம்பு இந்தக் குடும்பத்துக்கே ஆகாது. இலையில் இருக்கும் மிக நுண்ணிய செதில்கள் வழியாகத்தான் இவை தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுகின்றன. மரத்தில் வாழும் வகைகளுக்கு வேர் பெரும்பாலும் பிடித்துக்கொண்டு நிற்க மட்டுமே. அதனால் குழியில் எதை ஊற்றினாலும் நேரே உள்ளே போகும். இது தெரிந்துதான் ட்ரினிடாட் தீவில் 1940களில் ஒரு வேலை செய்தார்கள். அங்கே கொக்கோத் தோட்டங்களுக்கு நிழல் கொடுக்க நட்டிருந்தது நம்முடைய முள்முருக்கின் இனத்து மரம். அந்த மரங்களில் புரோமிலியாட் அப்பிக் கிடந்தது, அதன் குழித் தண்ணீரில் ஒருவகை அனோபிலிஸ் நுளம்பு பெருகியது, அதனால் ஊரெல்லாம் மலேரியா. என்ன செய்தார்கள் தெரியுமா? மயில்துத்தம், அதாவது செம்பு உப்பு, கரைத்து மரம் மரமாக அடித்தார்கள். புரோமிலியாட் அழிந்தது. அவர்கள் தெரிந்து செய்ததை நான் தெரியாமல் காசு கொடுத்து என் வீட்டு முற்றத்தில் செய்திருக்கிறேன். இதை வாசித்த இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு செடிக்காக இவ்வளவா என்று கேட்பவர்கள் கேட்கட்டும்.

இரண்டாம் முறை தொடங்கியபோது மாமியிடமே கேட்டு மாமரத்துக்குக் கீழே இடம் வாங்கினேன். இப்போது முப்பதுக்குக் கிட்ட நிற்கிறது, பெரும்பாலும் நியோரெகேலியா என்ற இன்னொரு வகை. எங்கள் வெயிலுக்கு அதுதான் சரி. காலை வெயில் நன்றாகப் பட்டால் நடு இலை சிவக்கும், நிழலில் வைத்தால் வெறும் பச்சைதான். குஸ்மானியாவுக்கு நேர் வெயில் கூடாது, அதைத் தாழ்வாரத்தில் வைக்கிறேன். உங்கள் பல்கனி மேற்குப் பார்த்ததா என்று நீங்கள் சொல்லவில்லை. பார்த்தது என்றால் ஒரு கறுப்பு நிழல் வலை கட்டுங்கள்.

மண்ணில் நட வேண்டாம். நான் போடுவது தேங்காய்ப் பொச்சுத் துண்டு, அடுப்புக்கரி, உடைந்த ஓடு. பொச்சில் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கரையோரத்துப் பொச்சும் தும்பும் பலவேளை உப்புத் தண்ணீரில் ஊறியவை. மூன்று நாள் மழைத் தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி அலசிய பிறகுதான் சாடிக்குள் போட வேண்டும். கடற்கரை மணலைத் தொடவே வேண்டாம். எனக்கு இது புரிவதற்குள் வ்ரீசியா என்ற வகையில் ஒன்று போய்விட்டது.

தண்ணீருக்கு என்னிடம் ஒரு பரல் இருக்கிறது. ஐப்பசி தொடங்கித் தை வரை கொட்டுகிற மழையைப் பீலியிலிருந்து பிடித்து மூடி வைக்கிறேன். கிணற்றுத் தண்ணீர் விட்டால் இலையில் வெள்ளையாகப் படியும், நுனி கருகும். ஆனால் அந்தப் பரல் ஆனி ஆடிக்குக் காணாது. கச்சான் காற்று வீசும் மாதங்கள் அவை. மலையைத் தாண்டி வந்து மட்டக்களப்பை அடுப்பாக்கும் காற்று. அப்போது பின்னேரங்களில் இலையில் தூவ மட்டும் மழைத் தண்ணீர், மற்றதற்குக் குழாய்த் தண்ணீர்தான். உரம் எப்போதாவது கொஞ்சம், அதுவும் நன்றாகக் கரைத்து வேரடிக்கு மட்டும். யூரியா போட்டால் கோவாப் போலப் பச்சையாக நீண்டு நிற்கும், நிறம் வராது.

உங்கள் கன்று தாயில் மூன்றிலொரு பங்கு, முடிந்தால் பாதி வளரும் வரை விடுங்கள். அதுவரை தாயின் இலை எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும் பொறுங்கள். தாயிடம் இருப்பதைத்தான் பிள்ளை குடிக்கிறது. முழுக்கக் காய்ந்த இலையை மட்டும் உரித்து எடுக்கலாம். பிறகு கூரான கத்தியால் அடியோடு வெட்டி, ஒரு நாள் நிழலில் காயவிட்டு நடுங்கள். ஆழமாகப் புதைத்தால் அழுகும். ஆடாமல் ஒரு குச்சி கட்டிவிடுங்கள், ஆடினால் வேர் பிடிக்காது. வளர்ந்தும் பூக்காமல் அடம்பிடித்தால் குழித் தண்ணீரை ஊற்றிவிட்டு, கனிந்த வாழைப்பழம் ஒன்றோடு செடியை ஒரு ஷொப்பிங் பையால் பத்து நாள் மூடி வையுங்கள், வெயில் படாத இடத்தில். பழத்திலிருந்து வரும் எதிலீன் வாயு பூக்கச் சொல்லும். அப்பிள் என்று எழுதியிருப்பார்கள். அப்பிள் விற்கும் விலைக்கு நான் கப்பல் வாழைப்பழம்தான் வைத்தேன். இரண்டரை மாதத்தில் பூ வந்தது.

டெங்கு விஷயத்துக்கு வருகிறேன். இதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளும்.

2018 மார்கழியில் நுளம்புப் பரிசோதனைக்கு வந்தார்கள். வந்தவர் நல்ல மாதிரியான ஆள்தான். மாமரத்தடியைப் பார்த்ததும், "ஐயா, இதெல்லாம் தண்ணி நிக்கிற செடி, தூக்கிப் போடுங்க" என்றார். எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஊசியில்லாத சிறிஞ்சு ஒன்று வைத்திருந்தேன். அதைக் கொண்டுவந்து ஒவ்வொரு குழியாக உறிஞ்சி, வெள்ளைப் பீங்கான் தட்டில் விட்டுக் காட்டினேன். பாருங்கள், சுத்தம், பாருங்கள், சுத்தம். அப்போது நின்றது பதினாலு செடி. பதினோராவது செடியில் நாலு நுளம்புக் குடம்பி நெளிந்தது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாமியும் பார்த்துக்கொண்டு நின்றார். அடுத்த முறை கண்டால் வழக்குத்தான் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். 2007 ஆம் ஆண்டின் நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, எழுத அவருக்கு உரிமை உண்டு. நான் டெங்குவை விளையாட்டாக எடுக்கிறவன் இல்லை. 2017 இல் நாடு முழுக்க 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானது, அதில் ஒருத்தி என் சின்ன மகள். ஏழு நாள் வார்டில் அவள் பக்கத்தில் வாங்கில் படுத்திருந்தவன் நான். ஆகவே கீழே கருத்துப் பகுதியில் வந்து எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். எங்கள் வேலிக்கு அடுத்த வளவு பத்து வருடமாக வெறுமையாகக் கிடக்கிறது. சொந்தக்காரர் வெளிநாட்டில். உள்ளே உடைந்த கொமட், சிரட்டை, யோகட் கப், பாதி புதைந்த ரயர். யார் யாரோ இரவில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். அதைப் பற்றி எழுத வேண்டிய இடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன், எங்கே என்று இங்கே சொல்லவில்லை. ஒன்றுக்காவது பதில் உண்டா? பூட்டிய கேற்றுக்குள் யாரும் போவதில்லை. திறந்த கேற்றுக்குள் வந்து, தேத்தண்ணி கொடுக்கிறவனிடம்தான் சட்டம் பேசுகிறது. சரி, இது உங்கள் கேள்வி இல்லை. விடுகிறேன்.

நடுக்குழியில் தண்ணீர் விடலாம், விடவும் வேண்டும். ஆனால் கிழமைக்கு ஒருமுறை கட்டாயம் மாற்ற வேண்டும். டெங்கு நுளம்பின் முட்டை பறக்கும் நுளம்பாக ஏழு முதல் பத்து நாள் எடுக்கும், அதற்குள் நீங்கள் முந்த வேண்டும். சாடியைச் சும்மா சரித்தால் போதாது. குடம்பி இலையிடுக்கின் அடிக்கு ஓடிவிடும், என் பதினோராவது செடியில் அப்படித்தான் தப்பியிருந்தது. குழாயால் பீச்சி அடித்து வழியவிட்டு, பிறகு புதுத் தண்ணீர் விடுங்கள். மண்ணெண்ணெய், உப்பு, சவர்க்காரத் தண்ணீர் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். மூன்றும் நுளம்போடு செடியையும் கொல்லும். கிழமைக்கு ஒருமுறை செய்ய நேரமில்லை என்றால் உண்மையாகவே இந்தச் செடி வேண்டாம், யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.

வெளிநாட்டுச் செடியை ஏன் வளர்க்கிறாய் என்று எழுத ஒருவர் ஏற்கனவே காத்திருப்பார். அன்னாசியை, மிளகாயை, மரவள்ளியை, எங்கள் பக்கத்துப் பெருமையான கஜுவை விட்டுவிட்டு வாருங்கள், பேசுவோம். பஸ்ஸில் கொறிக்கிற கச்சான் கடலையும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்குதான்.

அந்தப் பரிசோதனைக்குப் பிறகு எங்கள் வளவில் குடம்பி கண்டதே இல்லை. கெட்டித்தனம் என்னுடையது இல்லை. மாமிக்கு இப்போது எண்பத்திரண்டு, கண் சரியாகத் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமை விடிந்தால் விறாந்தையில் இருந்துகொண்டு சத்தம் போடுவார்: "மனே, இண்டைக்கு வெள்ளி. உன்ட காய்க்காத அன்னாசிக்குத் தண்ணி மாத்தினயா?"